முன்னால் இருந்த பூஜ்யம்

அலுவலகத்தில் அவருக்கு லெட்ஜர் அக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரைவிடப் பத்து வயது மூத்த கிடங்குக்காரர்கூட, "அக்கா, இதுல ஒரு கையெழுத்து" என்றுதான் சீட்டை நீட்டுவார்.

அது சிலிண்டரில் வாயு அடைத்து விற்கும் கம்பெனி. முன்பக்கம் இரண்டு அறை அலுவலகம், பின்பக்கம் தகரக் கூரை போட்ட கிடங்கு. வெல்டிங் பட்டறைகளுக்கு ஆக்சிஜனும் அசிட்டிலீனும் போகும். அது தவிர, மூச்சுக் கோளாறோடு படுத்திருப்பவர்கள் உள்ள முப்பத்தெட்டு வீடுகளுக்குப் புதன்கிழமை தோறும் மருத்துவ ஆக்சிஜன் போகும்.

அக்கா இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அங்கே டெலிபோன் எடுக்கச் சேர்ந்தவர். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டார். "ரெண்டு நாள் பார்த்துக்கோம்மா" என்று முதலாளி அந்த நாற்காலியைக் காட்டினார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர்; பாதி நாள் வெளியூரில். ஒரே மகள் வேறு ஊரில் படிக்கிறாள். வீட்டில் பேச்சுத் துணைக்கும் சண்டைத் துணைக்கும் இருப்பது நாத்தனார்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஒரே வீட்டில் இருந்தாலும், மிக்ஸியை யார் கழுவவில்லை என்பது போன்ற விஷயங்களில் வாரக்கணக்கில் பேசாமல் இருக்கவும் தெரிந்தவர்கள்.

கம்பெனியின் பழைய கணக்கு மென்பொருள் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஓடும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதில் ஓர் எண் உண்டு. பட்டறைகளுக்கு 1, 47, 112 என்று சாதாரண எண். வீடுகளுக்கு மட்டும் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 01, 047 என்று வரும். வீடு எது, பட்டறை எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியட்டும் என்று அக்காவே செய்த ஏற்பாடு அது. நன்றாகத்தான் இருந்தது.

அந்த மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். வருடா வருடம் அவர்கள் தரும் அனுமதி எண் இனி வராது. மாதக் கடைசிக்குப் பிறகு பழைய கணக்கைத் திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். புதிதாக எழுதவும் முடியாது, கோப்பாக வெளியே எடுக்கவும் முடியாது. முதலாளியின் மருமகன்தான் இப்போது நிர்வாகம். ஊழியர்கள் அவருக்கு மாப்பிள்ளை சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் புதிய மென்பொருள் ஒன்றை வாங்கிவிட்டார். ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய கணக்கெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒரு பொத்தானில் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அக்கா ஆறு வருடக் கணக்கைப் பழையதிலிருந்து ஒரு கோப்பாக எடுத்தார். பதினாலாயிரத்துச் சொச்சம் வரிகள். எதையும் சரிபார்க்காமல் அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. கட்டம் கட்டமாகத் திறக்கும் இன்னொரு மென்பொருளில் அதைத் திறந்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். மூடும்போது, சேமிக்கட்டுமா என்று அது கேட்டது. சேமி என்று சொல்லிவிட்டு, அதைப் புதியதற்குள் ஏற்றினார்.

பாதிக்கு மேல் சிவப்பாகத் திரும்பி வந்தது. தேதி செல்லாது, தேதி செல்லாது என்று பக்கம் பக்கமாக. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இவர் நாள், மாதம் என்று எழுதுகிறார். அது மாதம், நாள் என்று படிக்கிறது. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் உள்ளதையெல்லாம் வேறு மாதத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பதின்மூன்றிலிருந்து அப்படி ஒரு மாதமே இல்லை என்று தள்ளிவிட்டிருக்கிறது. அமைப்பை மாற்றி மறுபடி ஏற்றினார். முதல் தடவை உள்ளே போனவற்றை அழிக்க மறந்துபோனதால் பல வரிகள் இரண்டிரண்டாக விழுந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது முறை ஏற்றினார்.

இந்த முறை சிவப்பே இல்லை. பழைய திரையின் மொத்தத்தையும் புதிய திரையின் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசிக் காசு வரைக்கும் ஒன்றாக இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. மாப்பிள்ளை சார் நீட்டிய தாளில், கணக்கு முழுதும் சரியாக வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து புதியதில் வேலை ஓடியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரு பெண் கூப்பிட்டாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்திருப்பவரின் மகள். நேற்று வர வேண்டிய சிலிண்டர் வரவில்லை, கைவசம் இருந்ததைத்தான் ராத்திரி மாற்றினோம், இன்றைக்கு எப்போது வரும் என்று கேட்டாள். அக்கா திரையில் அந்த வீட்டைத் தேடினார். பெயருக்கு நேரே சிவப்புப் பட்டை. எண்பத்தாறாயிரம் பாக்கி, தொண்ணூறு நாள் தாண்டியது, டெலிவரி சீட்டு நிறுத்தம். பாக்கி வைத்தவர்களுக்குச் சீட்டு அச்சாகாமல் தானே பூட்டிக்கொள்ளும் வசதி புதியதில் இருந்தது. மாப்பிள்ளை சாருக்கு மிகவும் பிடித்த வசதி.

"உங்க கணக்குல பெரிய பாக்கி ஒண்ணு காட்டுதேம்மா," என்றார் அக்கா.

ஒவ்வொரு தடவையும் கையில் பணம் கொடுத்துத்தான் வாங்குகிறோம், ரசீதெல்லாம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அக்கா போனை வைத்தார்.

பிற்பாடு எத்தனையோ தடவை அவர் இந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். அந்த வீட்டை அவருக்குத் தெரியும். ஐந்து வருட வாடிக்கை. ஒரு ரசீதுகூடத் தவறியதில்லை என்பதும் தெரியும். ஆனால் மொத்தம் சரியாக வந்த கணக்கு அது. தானே கையெழுத்துப் போட்ட கணக்கு. அது பொய் சொல்லும் என்று அந்த நிமிடம் அவருக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் ரசீதைத் தொலைப்பார்கள், மறப்பார்கள் என்பதுதான் தோன்றியது.

பத்தரைக்கு அவள் மறுபடி கூப்பிட்டாள். சிலிண்டரின் அளவு காட்டும் கேஜில் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது என்றாள். அக்கா எழுந்து மாப்பிள்ளை சாரின் அறைக்குப் போனார். வீட்டு நோயாளிக்காவது பூட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அவர் வேறு ஒரு போனில் பேசிக்கொண்டே, பூட்டு விழுந்திருந்தால் காரணம் இருக்கும், முதலில் காரணத்தைப் பாருங்கள் என்றார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "டோட்டல் டேலி ஆயிடுச்சுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

அக்கா வெளியே வந்தார். நாற்காலிக்குத் திரும்பி வந்து, அந்த எண்பத்தாறாயிரத்தை ஒவ்வொரு பில்லாகப் பிரிக்க ஆரம்பித்தார். புதிய திரையில் எது எங்கே இருக்கிறது என்றே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு பில்லைத் திறக்க மூன்று இடத்தில் தட்ட வேண்டியிருந்தது. நடுவில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றரைக்கு மறுபடி அதே பெண். இதோ, இதோ என்றார் அக்கா.

பன்னிரண்டு மணி இருக்கும். திறந்த பில்லில் நான்கு அசிட்டிலீன் சிலிண்டர் என்று இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலோடு கிடக்கிற மனிதர் அசிட்டிலீனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அடுத்த பில்லிலும் அசிட்டிலீன். அதற்கடுத்ததில் வெல்டிங் கம்பி. பழைய கணினியை முடுக்கி, அந்தப் பில் எண்ணைக் கறுப்புத் திரையில் தேடினார். வாடிக்கையாளர் எண் 47. ஒரு வெல்டிங் பட்டறை. மூன்று வருடங்களுக்கு முன்னால் பாக்கியை வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனவன். மெக்கானிக் வீட்டின் எண் 047.

முன்னால் இருந்த பூஜ்யத்தைக் காணோம். இரண்டு பேரும் ஒருவராகிவிட்டிருந்தார்கள். பட்டறையின் கடன் மெக்கானிக்கின் தலையில் வந்து விழுந்திருந்தது. இங்கே இருந்ததை அங்கே சேர்த்தால் மொத்தம் எப்படி மாறும்? அதனால்தான் கடைசிக் காசு வரைக்கும் சரியாக இருந்தது.

அக்கா பூட்டு விழுந்த வீடுகளை எண்ணினார். மெக்கானிக் வீட்டோடு சேர்த்துப் பதினொன்று. பதினொரு வீட்டுக்கும் நேற்றுச் சிலிண்டர் போகவில்லை. அலமாரியைத் திறந்து பழைய கார்பன் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பதினொரு சீட்டும் கையால் எழுதிக் கிடங்குக்கு ஓடினார். கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்று மாப்பிள்ளை சார் சொல்லியிருக்கிறாரே என்று கிடங்குக்காரர் தயங்கினார்.

"அண்ணே, என் பேர்ல எழுதிக்கோங்க. எது வந்தாலும் என்னைக் கேக்கட்டும்," என்றார் அக்கா. அவர் சீட்டை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. உருட்டி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

வண்டி ஓட்டுகிறவருக்கு நாப்பது என்று பெயர். எந்தச் சாலையிலும் அந்த வேகத்தைத் தாண்டாதவர். முதலில் மெக்கானிக் வீடு, பிறகுதான் மற்றது என்று அக்கா சொன்னார். அன்றைக்கு அவர் எந்த வேகத்தில் போனார் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஏழு தடவை அடித்திருப்பார். மணி ஒலித்து ஒலித்து நிற்கும். ஒரு குரல் வந்து திட்டினாலும் போதும் என்று இருந்தது.

அரை மணி நேரத்தில் நாப்பது கூப்பிட்டார். வீடு பூட்டியிருக்கிறது என்றார். பக்கத்து வீட்டில் கேட்டாராம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். எப்படி இருந்தார் என்று அக்கா கேட்டார். "நினைவு இல்லைன்னு சொல்றாங்கக்கா," என்றார் அவர். பிறகு, "மத்த வீட்டுக்கெல்லாம் போறேன்" என்று வைத்துவிட்டார்.

மற்ற பத்து வீட்டிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிலர் கைவசம் வைத்திருந்தார்கள். சிலர் வேறு இடத்தில் அதிக விலைக்கு வாங்கியிருந்தார்கள். அது சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அக்கா முதல் மணியிலேயே எடுத்தார்.

நடுவில் அவர் புதிய மென்பொருள்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கத்தினார். அவர் யாரிடமும் கத்துகிறவர் இல்லை. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கோப்பை அனுப்பச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, "மேடம், உங்க ஃபைல்லயே பூஜ்யம் இல்லை. நடுவுல வேற எதுலயாவது திறந்து சேவ் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டியது. சேமிக்கட்டுமா என்று கேட்டது. அந்தக் கட்டம் போட்ட மென்பொருள் எண்களைக் கூட்டல் கழித்தல் எண்களாகத்தான் பார்க்கும். முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு அதனிடம் மதிப்பில்லை, எடுத்துப் போட்டுவிடும் என்று உதவி எண்ணில் பேசியவர் விளக்கினார். நிறையப் பேருக்கு நடக்கிறது மேடம் என்று ஆறுதல் போலவும் சொன்னார். சரிபார்க்காமல் அப்படியே ஏற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அக்கா நன்றி சொல்லி வைத்தார்.

மாப்பிள்ளை சார் அதற்குள் மென்பொருள் கம்பெனி மேல் வழக்குப் போடுவதாகக் கிடங்கு வரை கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் பழி அங்கேயே போய் நின்றிருக்கும். அக்கா உள்ளே போய் நின்றபடியே சொன்னார். தப்பு மென்பொருளில் இல்லை, நான்தான் திறந்து சேமித்தேன், காலையில் அந்தப் பெண் சொன்னதை நம்பாமல் இருந்ததும் நான்தான் என்றார். மாப்பிள்ளை சார் கையில் இருந்த போனை மேஜைமேல் வைத்தார். காலையில் தன்னிடம் வந்து கேட்டதும், தான் சொன்ன பதிலும் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசியில், "முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

சரி பண்ணுவது அவ்வளவு லேசாக இல்லை. மாதம் முடிந்துவிட்டதால் கோப்பை மறுபடி எடுக்கப் பழையதற்கு அனுமதி இல்லை. முதலில் எடுத்த கோப்பின் மேலேயே சேமித்துவிட்டதால் அதுவும் போய்விட்டது. முப்பத்தெட்டு வீடுகளில் இருபத்தாறு, பாக்கி இல்லாததால் பூட்டு விழாமல் தப்பியவையும் சேர்த்து, ஏதோ ஒரு பட்டறையோடு கலந்திருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பில்கள். ஒவ்வொரு பில் எண்ணையும் பழைய திரையில் பார்த்து, அது வீடா பட்டறையா என்று படித்து, புதிய திரையில் பிரித்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்கத் தனியாக உட்கார்ந்ததில் இருநூறுகூட முடியவில்லை. இரண்டு திரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துபோனது. ஒரு வீட்டை மறுபடி தப்பான இடத்தில் போட்டுவிட்டோமோ என்ற பயத்தில், செய்ததையே திரும்பச் செய்தார்.

அன்று வீட்டுக்குப் போனவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனாரோடு பேச்சு நின்று ஒன்பது நாளாகியிருந்தது. என்ன என்று அவர் கேட்கவில்லை. அக்காதான் தானாகச் சொல்ல ஆரம்பித்தார். பூஜ்யம், பட்டறை, முள் சிவப்புக்கு வந்தது, எடுக்காத போன், எல்லாம்.

சொல்லி முடிந்ததும் நாத்தனார், "நம்பரை யாராவது படிச்சாப் போதுமா?" என்று கேட்டார்.

"போதும்க்கா."

"முப்பது வருஷம் அதைத்தானே பண்ணேன்," என்றார் நாத்தனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூக்குக் கண்ணாடியும் தண்ணீர் பாட்டிலுமாக அவர் அலுவலகத்துக்கு வந்தார். பழைய திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, வீடு. நாலு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு, பட்டறை. ஒரே சீர், ஒரே சத்தம், ஓர் எண்ணையும் முழுங்காத குரல். அக்கா கண்ணைத் திருப்பாமல் அடித்துக்கொண்டே போனார். நூறு வரிக்கு ஒரு தடவை நாத்தனாரே நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். நடுவில் ஒருமுறை, "உன் டைப்பிங் பரவாயில்லை. மிக்ஸி கழுவறதுதான் வராது" என்றார். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது, நிற்கவில்லை. நாத்தனார் காத்திருந்துவிட்டு, அடுத்த எண்ணைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தார்.

ஞாயிறு நாலு மணிக்கு முடிந்தது. இந்தத் தடவை அக்கா மொத்தத்தைப் பார்த்ததோடு விடவில்லை. முப்பத்தெட்டு வீட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து, கையில் உள்ள கடைசி ரசீதைப் படிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தார். முப்பத்தேழு சரியாக இருந்தது. ஒரு வீட்டில் போனை எடுக்கவில்லை.

மெக்கானிக் பிழைத்துக்கொண்டார். எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார் என்று நாப்பதுதான் விசாரித்துச் சொன்னார். இனி வேறு கம்பெனியில் வாங்கிக்கொள்கிறோம் என்று மகளிடமிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளை சார் அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார். வீடுகளுக்கு இனி பூட்டு வேண்டாம் என்று அக்கா எழுதிக்கொடுத்ததில் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த வீட்டார் சிலிண்டருக்காகக் கட்டியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரையாவது அனுப்பலாம் என்றார்கள். அக்கா தானே போனார். மூன்றாவது மாடி. படியேறும்போது பூஜ்யத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனார்.

மகள் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொன்னாள். பணத்தை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடியபடி கேட்டாள்.

"நான் முதல்ல கூப்பிட்டப்பவே அனுப்பியிருக்க முடியாதா?"

"முடிஞ்சிருக்கும்மா," என்றார் அக்கா. "கையால எழுதி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோணலை."

யோசித்து வைத்திருந்த வேறு எதுவும் வாயில் வரவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து யார் வந்திருக்கிறது என்று ஒரு குரல் கேட்டது. சிலிண்டர் ஆபீஸ் என்றாள் மகள். வரச்சொல் என்றார் அவர். கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் வேறு கம்பெனியின் சிலிண்டர். நடந்தது எதையும் அவரிடம் சொல்லவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"உங்க சிலிண்டரே கொண்டுவரச் சொல்லுங்க," என்றார் மூச்சு வாங்கி வாங்கி. "இதுல வால்வு சரியில்லை. கசியுது. கேளுங்க."

அக்கா குனிந்து காதை வைத்தார். மெக்கானிக்கின் காது பொய் சொல்லவில்லை. சிலிண்டரின் கழுத்தில் மெல்லிய சீறல் இருந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார். காலையிலேயே சொல்லிவிட்டேன், சாயங்காலம்தான் ஆள் வருவானாம் என்றாள் அவள்.

அக்கா வெளியே வந்து நாப்பதைக் கூப்பிட்டார். நம்ம சிலிண்டர் இல்லைதான், பரவாயில்லை, ஸ்பேனரும் வாஷரும் எடுத்துக்கொண்டு உடனே வரச்சொன்னார். பிறகு உள்ளே போய், கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மெக்கானிக், டிப்போவில் தான் பழுது பார்த்த பழைய பஸ்களைப் பற்றி விட்டு விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து மகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.